செக்கிங் டேபிளில் ஒரு மூக்கு

(வாசகர் கேள்விகள், மனநல மருத்துவர் பதில்கள்)

போன மாதம் கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, தன் உதடு தடித்திருப்பதாகவும் ஊசி போட்டுச் சரிசெய்யலாமா என்றும் கேட்டிருந்தார். "உதட்டை விடுங்கள், அதைப் பற்றி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் யோசிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அந்த வரி யார் யாருக்கோ போய்க் குத்தியிருக்கிறது. மேசை மேல் ஒரு கட்டுக் கடிதம் கிடக்கிறது. அதனால் சர்க்கரை, தூக்கம், மாமியார் எல்லாம் அடுத்த மாதம். இந்த முறை, முகத்திலோ உடம்பிலோ ஒரு குறை இருப்பதாக எந்நேரமும் நினைத்துத் தவிப்பது, இது ஒன்றுதான். ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சிலருக்கு ஊரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம்ங்க. எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எட்டாவது படிக்கும்போது சித்தி மகன் "உன் மூக்கு குடமிளகாய் மாதிரி இருக்குது" என்று சொன்னான், அன்றிலிருந்து மூக்கு நினைப்புதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் சீட்டு எடுத்த பணம் 1,60,000 ரூபாயில் மூக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும், அப்பாவிடம் சைனஸ் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். முதல் மூன்று மாதம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் நுனி இடது பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. ஆபரேஷன் செய்தவர், அம்மா, கூட வேலை செய்கிறவர்கள் யாருக்கும் அது தெரியவில்லையாம். கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க்கை நான் இன்னும் கழற்றவில்லை. சரக்கு எடுக்கிற பையர் வந்தால் வலது பக்கம் தெரிகிற மாதிரி நாற்காலி பிடித்து உட்காருவேன். தினமும் முப்பது நாற்பது செல்ஃபி எடுத்து எடுத்து அழிக்கிறேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், அதற்குள் இரண்டாவது ஆபரேஷனை முடித்துவிட வேண்டும். கோவையா பெங்களூரா, எது நல்லது என்று மட்டும் சொல்லுங்கள். மனநோய் என்று சொல்லிவிடாதீர்கள், நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அம்மிணி, நீங்கள் தெளிவாக இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் நானும் சுற்றி வளைக்கவில்லை. இப்போதைக்குக் கோவையும் வேண்டாம், பெங்களூரும் வேண்டாம்.

உங்கள் கம்பெனியில் செக்கிங் செக்ஷனைப் பார்த்திருப்பீர்கள். டியூப் லைட்டுக்குக் கீழே டேபிள் போட்டு, ஒவ்வொரு பீஸாக விரித்து, கையால் தடவி, திருப்பி, தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த அக்காவிடம் போய் "இந்த டீ-ஷர்ட் நல்லா இருக்குதா" என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். அவர் டீ-ஷர்ட்டையா பார்க்கிறார்? எண்ணெய்க் கறை, ஓட்டை, விட்டுப்போன தையல், இது மூன்றும்தான் அவர் கண்ணுக்குப் படும், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள், அதற்குத்தான் சம்பளம். உங்கள் கண் எட்டாம் வகுப்பிலிருந்து சம்பளமே இல்லாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்றால் முகம் தெரிவதில்லை, மூக்கு தெரிகிறது. மூக்கும் தெரிவதில்லை, நுனி தெரிகிறது. நுனியிலும் இடது பக்கம் ஒரு நூல் அளவு.

நான் உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸில் இந்தத் தொந்தரவு உள்ளவர்களிடம் முகப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள், 2007-ல் வெளியான ஆய்வு. மற்றவர்கள் முகத்தை முழுசாக ஒரே வீச்சில் பார்க்கிற இடத்தில், இவர்களுடைய மூளை நுணுக்கங்களைப் பிரித்துப் பார்க்கிற வழியில் வேலை செய்தது. அதுவும் அங்கே காட்டியது அவர்களுடைய சொந்த முகத்தை இல்லை, யாரோ முன்பின் தெரியாதவர்களின் முகங்களை. அதனால் "எனக்கு மட்டும் தெரிகிறது" என்று நீங்கள் எழுதியதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரிகிறது, உண்மைதான். அம்மாவுக்குத் தெரியவில்லை என்பதும் உண்மைதான்.

இதற்கு பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று பெயர், சுருக்கமாக பிடிடி. உங்கள் தலைமுறை கண்டுபிடித்த நோய் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என்ரிகோ மோர்செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் 1891-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார், அப்போது ஏது செல்ஃபி. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதை ஓசிடி குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பூட்டைப் பத்துத் தடவை இழுத்துப் பார்க்கிறவர்களும், கை கழுவிக்கொண்டே இருப்பவர்களும் இருக்கிற அதே குடும்பம். இழுத்துப் பார்த்தால் ஒரு நிமிடம் நிம்மதி, மறு நிமிடம் சந்தேகம், மறுபடி இழு. உங்கள் நாற்பது செல்ஃபியும் பூட்டை இழுப்பதுதான். நூறு பேரில் இரண்டு பேர் வாக்கில் இது இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன, அழகு அறுவை சிகிச்சைக்கு வந்து உட்காருகிறவர்களிடம் எண்ணினால் இன்னும் பல மடங்கு.

ஒரு குறையை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தாலும் அது கடுகளவுதான், ஆனால் அதை நினைத்து ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, பார்க்கிறது, தடவுகிறது, மறைக்கிறது, மற்றவர்களிடம் கேட்கிறது என்று ஓடிக்கொண்டே இருக்கிறது, வேலையோ படிப்போ ஒறம்பரை வீட்டு விசேஷமோ அதனால் கெடுகிறது. இவ்வளவு இருந்தால் நாங்கள் பிடிடி என்று சந்தேகப்படுவோம். உங்களிடம் இதில் எது இல்லை என்று நீங்களே சொல்லுங்கள். மூக்கின் நீளத்தை அளந்தது போதும், ஒரு வாரத்துக்கு நேரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். பாத்ரூமில் எத்தனை நிமிடம், பைக் கண்ணாடியில், பஸ் ஜன்னலில், மாஸ்க்கைச் சரி பண்ணுவதில் எத்தனை நிமிடம். ஷிப்மென்ட் தேதிக்கு நாள் எண்ணுகிறவருக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

இரண்டாவது ஆபரேஷன் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். மூக்கில் கத்தி பட்டால் வீக்கம் முழுசாக வடிய ஒரு வருடம் வரைகூட ஆகும், அந்த மாதங்களில் தினமும் நாற்பது படம் எடுத்தால் நாற்பது விதமாகத்தான் தெரியும். திரும்பத் திறந்தால் உள்ளே தழும்புத் திசு இருக்கும், குருத்தெலும்பு போதாமல் காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ எடுக்க வேண்டி வரலாம், முதல் தடவையைவிட வேலையும் கஷ்டம், என்ன வரும் என்று சொல்வதும் கஷ்டம். இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிடிடி இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனால் நோய் குறைவதில்லை. கொஞ்ச நாள் நிம்மதி, பிறகு அதே இடத்தில் வேறு குறை, இல்லாவிட்டால் மூக்கை விட்டுத் தாடை. உங்கள் மூன்று மாதச் சந்தோஷம் அந்தக் கணக்குத்தான். பையர்கூட ஏக்யூஎல் 2.5 என்று எழுதித் தருகிறான், இத்தனை பீஸுக்கு இத்தனை குறை வரை போகட்டும் என்று கணக்கு வைத்துத்தான் சரக்கு எடுக்கிறான். உங்கள் மூக்குக்கு மட்டும்தான் ஒரே பீஸ், ஒரு குறையும் கூடாது, தினமும் நாற்பது இன்ஸ்பெக்‌ஷன்!

செல்ஃபியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் போனைப் பிடித்து எடுத்தால், ஐந்து அடி தூரத்திலிருந்து எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாக விழுகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கேமராவுக்குக் கிட்டே இருப்பது பெரிசாக விழும், அவ்வளவுதான். கை நீட்டுகிற தூரத்தில் உங்கள் மூக்கைப் பார்க்கப்போகிறவர் யார்? மாப்பிள்ளை வீட்டார் எதிர்ச் சோபாவில்தான் உட்காருவார்கள்.

வைத்தியம் இருக்கிறது. பேச்சு சிகிச்சை ஒன்று, சிபிடி என்பார்கள், இந்த நோய்க்கென்றே வடிவமைத்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு முதலில் தெருமுனைக் கடை, அடுத்து கேன்டீன், அடுத்து மீட்டிங்கில் தப்பான பக்கத்து நாற்காலி என்று படிப்படியாகப் போக வைப்பார்கள். "எல்லாரும் என் மூக்கையே பார்ப்பார்கள்" என்ற உங்கள் கணிப்பு நடந்ததா இல்லையா என்று நீங்களே எழுதிப் பார்க்க வேண்டும். கூடவே மாத்திரை. ஃப்ளுவாக்சடின், எஸ்சிட்டலோப்ராம் மாதிரி ஓசிடிக்குக் கொடுப்பவைதான், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பலருக்கு அளவு கூடுதலாக வேண்டியிருக்கும், பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லையென்று நிறுத்திவிட்டு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். இது தூக்க மாத்திரை மாதிரி பழகிப்போய் அடிமையாக்குகிற சரக்கு இல்லை, ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

சரி, கடைசியாக அப்பா விஷயம். சைனஸ் என்று சொன்ன பொய்யை இந்த வைத்தியத்துக்கும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவரிடம் சொல்லிவிடுங்கள். சீட்டுப் பணம் போனதற்கு இரண்டு நாள் கத்துவார்.

கேள்வி: பையனுக்கு 17 வயதுங்க, பன்னிரண்டாவது படிக்கிறான். ஆறு மாதமாக, தாடை ஒரு பக்கம் கோணல் என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். "அம்மா நேராப் பாருங்க, கோணலா இருக்குதா" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்கிறான். நல்லாத்தான் இருக்குது சாமி என்றால், பொய் சொல்றீங்க என்று கத்துகிறான். இல்லை என்று சொல்லியும் அலுத்துப்போய், ஒரு நாள் ஆமாம் கொஞ்சம் கோணல்தான் என்று அவங்கப்பா சொல்லிவிட்டார், அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. தாடை ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிரோடு இருந்து என்ன பண்ணுவது என்கிறான். தோட்டத்தை அடமானம் வைத்தாவது செய்துவிடலாமா என்று இருக்கிறோம்.
– ஒரு தாய், கோபி பக்கம்

பதில்: தோட்டம் இருக்கட்டும் அம்மா. இதைப் படித்து முடித்த கையோடு இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தோட்டத்துச் சாளையில் வைத்திருக்கிற பூச்சி மருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டி வையுங்கள், சாவியை அவங்கப்பா இடுப்பில் முடிந்துகொள்ளட்டும். இல்லை, அடுத்த தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். "உயிரோடு இருந்து என்ன பண்ணுவது" என்று இந்த நோய்க்காரப் பிள்ளைகள் சொன்னால் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. மற்ற பல மனநோய்களைவிட இதில் தற்கொலை எண்ணம் அதிகம், வெளியே தெரிவது கம்மி, ஏனென்றால் பிள்ளைகள் வெட்கப்பட்டு அழகைப் பற்றிப் பேச மாட்டார்கள், படிப்புப் பிடிக்கவில்லை என்று ஏதாவது சொல்வார்கள். உங்கள் பையன் வாய் விட்டுச் சொன்னான், அது நல்லது. நேரடியாகவே கேளுங்கள், "செத்துப்போகலாம்னு தோணுதா சாமி" என்று. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள், அப்படி வருவதில்லை.

அவனை ஆறேழு நாளில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போய்விட வேண்டும். செத்துப்போகத் தோணுது என்று சொன்னால் ஆறேழு நாளும் கிடையாது, அன்றைக்கே. உங்களுக்குப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம், கோவை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு, தோட்டத்தை அடமானம் வைக்க வேண்டிய செலவு ஒன்றும் இல்லை. ராத்திரி நேரத்தில் கைகால் ஓடவில்லையென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலிமானஸ் என்று மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்தது, தமிழில் பேசலாம், காசில்லை. பையன் வர மாட்டேன் என்பான், "எனக்கு வேண்டியது தாடை டாக்டர், பைத்தியக்கார டாக்டர் இல்லை" என்பான். அப்போது தாடையைப் பற்றி வாதாடாதீர்கள். "தாடையைப் பற்றி நான் ஒன்னும் சொல்லலை, ஆறு மாசமா நீ தூங்கலை, பள்ளிக்கூடம் போகலை, அதுக்குப் போகலாம்" என்று கூப்பிடுங்கள். கஷ்டத்துக்கு வைத்தியம் என்றால் வருவார்கள், கற்பனைக்கு வைத்தியம் என்றால் வர மாட்டார்கள்.

இனி அந்த ஐம்பது தடவைக்கு வருவோம். நீங்கள் நல்லாத்தான் இருக்குது என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஒரு ஐந்து நிமிடம் குளிர்கிறது, ஆறாவது நிமிடம் "அம்மா பாசத்தில் சொல்லுது" என்று ஆகிவிடுகிறது, மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. கோணல்தான் என்று அப்பா சொன்னது அதைவிட மோசம், இனி ஆயுசுக்கும் "நீங்களே சொன்னீங்களே" என்பான். ஆமாம், இல்லை இரண்டுமே வேண்டாம். "இந்தக் கேள்விக்கு இனி நான் பதில் சொல்றதில்லை சாமி, நீ படற பாடு எனக்குத் தெரியுது, வா, போய் மோட்டார் எடுத்து விட்டுட்டு வரலாம்." முதலிலேயே அவனிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், திடீரென்று வாயை மூடிக்கொண்டால் அம்மாவுக்கும் என் முகம் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வான். முதல் வாரம் இன்னும் அதிகமாகக் கேட்பான், கோபம் வரும், தட்டு பறக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டும், ஆத்தா உட்பட. வயசானவர்கள்தான் மனசு பொறுக்காமல் "ராஜா மாதிரி இருக்கே கண்ணு" என்று சொல்லிவிடுவார்கள்.

மாத்திரை ஆரம்பித்தால் முதல் சில வாரங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், சிறு வயதினரில் சிலருக்கு அந்த ஆரம்ப நாட்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடலாம். மருத்துவர் ஒரு வாரம் இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்வது அதற்காகத்தான். பஸ்ஸுக்கு அலுப்புப்பட்டு விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கும் முழு நாள் வேண்டாம், முதலில் ஒரு வேளை போய் வரட்டும்.

பையன்களுக்கு இது வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஊரில் யாராவது கேட்பார்கள். வரும். ஆண் பெண் இரண்டு பேருக்கும் ஏறத்தாழ சம அளவில்தான் வருகிறது, பெரும்பாலும் பதினெட்டு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

கேள்வி: பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் பிளாஸ்டிக் வைத்துச் செய்வதா? அதெல்லாம் சினிமாக்காரர்கள் சமாச்சாரம்தானே? ஏன் டாக்டர்கள் இதை ஊக்குவிக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்

பதில்: அய்யா, பிளாஸ்டிக் என்ற பொருள் வருவதற்கு முன்பே இந்தப் பெயர் வந்துவிட்டது. கிரேக்கத்தில் பிளாஸ்டிகோஸ் என்றால் வடிவம் கொடுப்பது, களிமண்ணைப் பிசைகிற மாதிரி. வேலையோ அதற்கும் பழையது, நம் நாட்டுச் சங்கதி. அந்தக் காலத்து வைத்தியர் சுசுருதர் மூக்கு அமைப்பதை எழுதி வைத்திருக்கிறார். 1792-ல் ஆங்கிலேயப் படையோடு போன கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் நெற்றித் தோலை இறக்கித் திருப்பி மூக்குச் செய்து வைத்தார். வெள்ளைக்கார மருத்துவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள், 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது, அதைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் இந்த நெற்றித் தோல் முறையைச் செய்ய ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கும் மெஷினில் சிக்கித் துண்டான கையை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கோவைக்கு ஓடுகிறார்களே, கங்கா மருத்துவமனை மாதிரி இடங்களில் அதை ஒட்ட வைப்பது யார்? பிளாஸ்டிக் சர்ஜன்தான். தீக்காயம், பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தை, மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகான சிகிச்சை, எல்லாம் அவர்கள் கைதான். அழகுக்காகச் செய்வதும் பாவமில்லை, காது விடைத்திருக்கிறது என்று செய்துகொண்டு அதோடு மறந்துவிட்டு வேலையைப் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர். கவாஸ்ஜிக்கு மூக்கு இல்லை, வைத்தார்கள், தீர்ந்தது. இருக்கிற மூக்கை இல்லாத மாதிரி பார்க்கிறவருக்குத்தான் கத்தி உதவாது. நல்ல சர்ஜன் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எங்களிடம் அனுப்புவார், எனக்கு அப்படி அனுப்புகிற இரண்டு மூன்று பேர் உண்டு. எல்லோரும் அனுப்புவதில்லை, வந்த காசை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனசு வேண்டுமல்லவா.

கேள்வி: வயது 33. காங்கயம் பக்கம் விவசாயம், பத்து ஏக்கர். ஏழு வருடமாகப் பொண்ணு பார்க்கிறோம். முன் வழுக்கை. போன மாதம் ஒரு வீட்டில் போட்டோவைப் பார்த்துவிட்டே வேண்டாம் என்றுவிட்டார்கள். முடி நடலாம் என்று இருக்கிறேன். எனக்கும் நீங்கள் சொன்ன நோயா?
– வி., காங்கயம்

பதில்: இல்லைங்க. உங்களுக்கு வழுக்கை இருக்கிறது, மற்றவர்களுக்கும் தெரிகிறது, ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள், அதனால் வருத்தம். இது நோய் இல்லை, நடப்பு. நம் பக்கம் கல்யாணமாகாத பையன்கள் எத்தனை பேர், கேரளா வரைக்கும் போய்ப் பொண்ணு தேடுகிற காலமாகிவிட்டது, அதற்கு உங்கள் முன்மண்டையா காரணம்? வீட்டுக்கு ஒரு பிள்ளை போதும், அதுவும் பையன் போதும் என்று இருந்த தலைமுறையைக் கேளுங்கள். படித்த பொண்ணுக்குத் தோட்டத்துக்கு வர விருப்பமில்லை என்பது இன்னொன்று. முடி வைத்தால் இந்த இரண்டும் மாறாது.

அப்புறமும் ஆசை என்றால் செய்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் சலூன் மாடியில் வேண்டாம். 2016-ல் சென்னையில் முடி நடப் போன ஒரு மருத்துவ மாணவர் உயிரோடு திரும்பவில்லை. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்வதெல்லாம் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் எழுத வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ, பதிவு எண் கேளுங்கள், மயக்க மருந்து யார் கொடுப்பது என்று கேளுங்கள். நட்ட பிறகும் மீதி முடி கொட்டாமல் இருக்க மருந்து தொடர வேண்டியிருக்கும், அதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். போட்டோவை மட்டும் வழுக்கையோடு எடுத்தே அனுப்புங்கள், பின்னால் பேச்சு வராது.

கேள்வி: ஈரோட்டில் ஜிம் நடத்துகிறேன் மேடம். 22 வயதுப் பையன் ஒருவன், எங்கள் ஜிம்மிலேயே பெரிய உடம்பு அவனுக்குத்தான். ஆனால் "அண்ணா, எலும்பும் தோலுமா இருக்கேன்" என்கிறான். வெயிலிலும் மேலே இரண்டு டீ-ஷர்ட். தங்கச்சி கல்யாணத்தன்றைக்கும் காலையில் வந்து எடை தூக்கிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனான். எங்கேயோ ஊசி போடுகிறான் என்று சந்தேகம்.

பதில்: உங்களைப் போல ஒரு ஜிம்காரர் கேட்டு எழுதியது எனக்கு ரொம்ப சந்தோஷம். இதுவும் பிடிடியில் ஒரு வகைதான், மசில் டிஸ்மார்ஃபியா. மலை மாதிரி இருப்பான், கண்ணாடியில் குச்சியாகத் தெரிவான். அந்த ஊசி பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் வகை. வெளியிலிருந்து வந்து கொட்டினால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும், விதை சுருங்கும், விந்தணு குறையும், முகத்தில் பரு, பையனுக்கு மார்பு வளரும், இதயத்துக்கும் கேடு. "உடம்பை ஏத்தப் போய் அப்பாவாக முடியாமல் நிற்கிறேன்" என்று என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் மனச்சோர்வு பயங்கரமாக அடிக்கும், அதனால் நிறுத்துவதையும் டாக்டர் துணையோடுதான் செய்ய வேண்டும்.

"உனக்கென்னடா குறை, நீதான் பெரிய உடம்பு" என்று மட்டும் சொல்லாதீர்கள், நம்ப மாட்டான். கல்யாண நாளைப் பற்றிக் கேளுங்கள். அன்றைக்கு ஒரு நாள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிட்டு, அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். அப்புறம் உங்கள் ஜிம் சுவரில் நாலாபக்கமும் கண்ணாடி பதித்திருப்பீர்கள், ஒரு சுவரையாவது விட்டு வைக்கலாம்.

கேள்வி: பேத்தி என்கூடத்தான் இருக்கிறாள், கல்லூரி போகிறாள். முகத்தில் குழி குழியா இருக்குது அம்மிச்சி என்று மணிக்கணக்காகக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள், நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்குகிறாள். பீரோக் கண்ணாடி, பாத்ரூம் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டேன். செய்தது சரிதானா கண்ணு?
– ஒரு அம்மிச்சி, சென்னிமலை

பதில்: பாசத்தில் செய்தீர்கள், ஆனால் சரியில்லைங்க அம்மிச்சி. அவள் கையில் போன் இருக்கிறது, அதில்லாவிட்டால் எவர்சில்வர் தட்டு, டிவி. கண்ணாடியே பார்க்காமல் ஒளிவதும் இதே நோயின் இன்னொரு பக்கம்தான், சிலர் முதலில் மணிக்கணக்காகப் பார்ப்பார்கள், பிறகு வருடக்கணக்காகப் பார்க்கவே மாட்டார்கள். பீரோக் கண்ணாடியை இறக்கி மாட்டுங்கள். கை நீட்டுகிற தூரத்தில் நின்று, உச்சி முதல் பாதம் வரை ஒரு தடவை பார்த்து, தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு நகர வேண்டும். பாத்ரூமில் இருந்த சின்னக் கண்ணாடி, பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி ஏதாவது வாங்கி வைத்திருந்தால் அது, இரண்டும் பரணிலேயே இருக்கட்டும். கிள்ளுவதற்கு ஊசி, பின், பிளக்கர் வைத்திருப்பாள், அவளிடமே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திருட்டுத்தனமாக எடுக்க வேண்டாம்.

முகத்தில் என்ன தடவுகிறாள் என்றும் பாருங்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வெள்ளையாக்கும் க்ரீமாக இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், தோல் மெலிந்து சிவந்து, நிறுத்தினால் எரியும். ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் ஒரு தடவையும், கிள்ளுவதற்கு மனநல மருத்துவரிடம் ஒரு தடவையும் அவளோடு நீங்களே போய் வாருங்கள். பரணில் ஏறும்போது மட்டும் நீங்கள் ஏறாதீர்கள், பேத்தியையே ஏறி எடுக்கச் சொல்லுங்கள்.